முயல் போட்ட சவரக் கிண்ணம்

லெம்பேட்டுக்குத் தன் சகலன் மேல் பொறாமை கிடையாது. இதை அவனே தலைமன்னார்ப் பியர் இறங்குதுறையடியிலும், கடற்கரையிலும், ரெயில் நிலையத்துக்கு முன்னால் இருக்கும் தேநீர்க் கடையிலும் சொல்லியிருக்கிறான். கேட்காதவர்களையும் மறித்து வைத்துச் சொன்னான். இல்லாத ஒன்றை இந்த மனுசன் ஏன் இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு திரிகிறான் என்று ஊர் கேட்டது. கேள்வியில் பிழையில்லை.

எல்லாம் ஒரு கோப்பையால் வந்த வினை.

லெம்பேட் கட்டியது சந்தியோகுவின் மூத்த மகள் மேரி ரோஸை. சந்தியோகு ஒருகாலத்தில் மூன்று வள்ளம் வைத்திருந்தவர். பாரிசவாதம் வந்து இடது கை, இடது கால், இடது கன்னம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுபோனது. வலது கை மிஞ்சியது. அந்தக் கையால் சாப்பிடுவார், சிலுவை போடுவார், லெம்பேட்டை அடிக்க ஓங்குவார். சேவ் எடுக்க மட்டும் முடியவில்லை. உணர்ச்சியில்லாத கன்னத்தில் பிளேட் எங்கே போகிறது என்று தெரியாமல் ஒருநாள் சட்டை முழுக்க இரத்தமாக்கிக்கொண்டு இருந்தார். அன்றைக்கு லெம்பேட் றேசரைப் பிடுங்கித் தன் கையில் எடுத்தான். அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் மாமனாரின் முகம் அவனுடைய வேலையாகிப் போனது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தாடியோடு போக சந்தியோகு சம்மதிக்கமாட்டார்.

அந்த வேலையை லெம்பேட் தன் முறையில் பழகியிருந்தான். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் சவர்க்காரம் நுரைக்காது, தயிர் மாதிரித் திரிந்து நிற்கும். ஆகவே குடிக்கிற நல்ல தண்ணீரில் கொஞ்சம் எடுப்பான். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற காலத்தில் முகம் முழுக்க நுரை பூசினால் பாதி வழிப்பதற்குள் மீதி காய்ந்துவிடும். ஆகவே வீட்டுக்குக் கிழக்குப் பக்கம், காற்று மறைவில் கதிரையைப் போட்டு, முதலில் வலது கன்னத்துக்கு மட்டும் பூசி வழிப்பான். பிறகு இடது கன்னம். கடைசியில் தாடைக்குக் கீழே இருக்கும் சுழி. அந்த இடத்தில் மயிர் வட்டமாய்ச் சுற்றி வளரும். எந்தப் பக்கம் இழுத்தாலும் தப்பிவிடும். நுரை அடிக்கப் பழைய ரின்பால் தகரப் பேணி ஒன்று வைத்திருந்தான்.

வேலை தொடங்கியதும் மாமனாரின் வாயும் தொடங்கும்.

“டேய், ஆறுதலா எடடா. மீனுக்குச் செதில் எடுக்கிறியோ?”

“மீன் சும்மா கிடக்கும் மாமா. நீங்கள்தான் வாயை ஆட்டுறியள்.”

“தண்ணி விறைக்குது.”

“விறைச்சால் என்ன, உங்களைக் கலியாணத்துக்கே வெளிக்கிடுத்துறன்?”

முடிந்ததும் சந்தியோகுவின் வலது கை எழும்பித் தாடைக்குக் கீழே போய், சுழியில் விரலை வைத்துத் தேய்க்கும். “இஞ்சை விட்டிட்டாய். கண்ணென்ன பிடரியிலையோ?” லெம்பேட் முணுமுணுத்துக்கொண்டு திரும்ப ஒருதரம் வழிப்பான். அப்போதுதான் சனிக்கிழமை முடிந்ததாக இரண்டு பேருக்கும் மனம் ஒத்துக்கொள்ளும்.

லெம்பேட் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவன். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதபோது அவன் கைக்குழந்தை. தாயும் போன பிறகு ஊர் திரும்பி சந்தியோகுவின் வள்ளத்தில் ஏறினான். ஏறிய முதல் நாளே கயிறு பிழையாகக் கட்டினதற்கு நல்ல ஏச்சு வாங்கினான். அதுவரை அவனை ஏசுவதற்கென்று ஒருவர் இருந்ததில்லை. மேரி ரோஸைக் கட்டியதால் மருமகனானான் என்று ஊர் சொல்லும். அவன் கணக்கில் அந்த ஏச்சு வாங்கிய நாளே அவன் அந்த வீட்டுக்காரன். அந்த முகமும் அதன் சுழியும் வேறு ஒருவருக்கும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஆவணியில் மடுத் திருநாளுக்கென்று இளையவள் டினோஜாவும் புருசன் பிரதீபனும் லண்டனிலிருந்து வந்தார்கள். பிரதீபன் பெரியமடுவில் வயலும் குளமுமாய் வளர்ந்தவன். கடல் தண்ணீரில் கால் நனைத்தால் காலணியைக் கழற்றிக் காய வைக்கிற ஆள். ஆனாலும் நல்லவன். குரலை உயர்த்தமாட்டான், சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுவான், லெம்பேட்டை வாய் நிறைய அண்ணை என்பான். குறை சொல்ல ஒன்றுமில்லாத மனுசனைப்போல எரிச்சல் தருகிறவன் உலகத்தில் இல்லை.

டினோஜா கறுப்புச் சொக்லேற் கொண்டு வந்திருந்தாள். வேப்பங்காய் கெட்டது, அப்படி ஒரு கசப்பு. சந்தியோகு ஒரு துண்டை வாயில் போட்டு, “வலு நல்லாயிருக்கு பிள்ளை” என்றார். அவள் அங்கால் போனதும் மீதியை ஆட்டுக்கு நீட்டினார். ஆடும் மணந்துபார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

மேரி ரோஸ் குசினி வாசலில் நின்று சிரித்தாள். “எங்கடை அப்பா வந்த ஆக்களுக்குக் குறை சொல்லமாட்டார். குறையெல்லாம் எனக்கெண்டு சேர்த்து வைச்சிருக்கிறார். என்ரை குழம்பிலை உப்புக் கூடாத நாளே இல்லை.”

லெம்பேட்டும் அன்றைக்குச் சிரித்தான். சனிக்கிழமை வரைதான் அந்தச் சிரிப்பு.

சனிக்கிழமை பின்னேரம் அவன் கதிரையைப் போட்டு, பேணியைக் கழுவி எடுத்துக்கொண்டு வரும்போது பிரதீபன் ஒரு பனியனுக்குள் சுற்றிவைத்திருந்த சாமானை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நீலமும் மண்ணிறமுமாய் மினுக்கம் போட்ட ஒரு மண் கோப்பை. வயிறு பெருத்து, பக்கத்தில் ஒரு மூக்கு வைத்து, மேலே அகலக் கிண்ணமாய் இருந்தது. கேத்தலுக்கும் சட்டிக்கும் பிறந்த பிள்ளைபோல லெம்பேட்டுக்குத் தெரிந்தது.

“இது சேவ் எடுக்கிற நுரைக்கு அண்ணை. ரெண்டு சுவர். இந்த மூக்காலை சுடுதண்ணி விட்டால் இடையிலை போய் நிக்கும். மேலை கிண்ணத்திலை நுரை அடிச்சால் கடைசி மட்டும் சூடு ஆறாது.”

லெம்பேட் கேட்கவில்லை. கேட்காததற்கும் பிரதீபன் பதில் வைத்திருந்தான்.

“முதல் பித்தளையிலை ஒண்டு வாங்கினனான். கெதியா ஆறிப்போச்சு. பிறகு பீங்கானிலை ஒண்டு. அதுக்கு வாய் சின்னன், பிறஸ் சுத்த இடமில்லை. இதுதான் சரிவந்தது. உள்ளுக்கு வரிவரியாக் கிடக்குது பாருங்கோ, அதிலை உரஞ்சித்தான் நுரை எழும்பும்.”

“முகம் வழிக்க இவ்வளவு படிப்போ தம்பி?”

பிரதீபன் அதையும் பகிடியாக எடுத்துச் சிரித்தான். பிறகு கதிரையில் இருந்த மாமனாரைப் பார்த்து, “இண்டைக்கு நான் எடுத்துவிடவோ மாமா?” என்று கேட்டான்.

எல்லாரும் லெம்பேட்டைப் பார்த்தார்கள். பேணி அவன் கையிலேயே இருந்தது. “ஓமோம், எடுங்கோ. எனக்கும் வலைவேலை கிடக்கு” என்றான். வலையில் ஒரு கண்ணும் அறுந்திருக்கவில்லை. ஆனாலும் எதிரே போய் இருந்து அதை மடியில் விரித்துக்கொண்டான்.

பிரதீபன் மூக்கால் சுடுதண்ணீர் விட்டு, மேல் கிண்ணத்தில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிச் சவரப் பிறஸைச் சுழற்றினான். திரிந்தது. மறுபடி சுழற்றினான். மறுபடியும் திரிந்தது. லெம்பேட் வலைக்குள் தலையைக் குனிந்து கொண்டான். நல்ல தண்ணீர் எடு என்று ஒரு சொல் சொல்ல அவன் வாய் வலிக்காது, ஆனாலும் சொல்லவில்லை. சுழற்றட்டும், லண்டன் கோப்பையின் வரியெல்லாம் தேயட்டும் என்று இருந்தான். அதற்குள் மேரி ரோஸ் செம்பில் நல்ல தண்ணீரோடு வந்து நின்றாள். கட்டின பெண்சாதியே காட்டிக்கொடுத்தால் ஒருவன் என்ன செய்வான்?

அதற்குப் பிறகு நுரை வெண்ணெயாய் எழும்பியது. ஆவி பறந்தது. பிரதீபன் முகத்தில் பிறஸை வைத்ததும் சந்தியோகு கண்ணை மூடினார். செதிலும் இல்லை, விறைப்பும் இல்லை. ஒரு சொல் இல்லை. பிறஸ் இடது கன்னத்துக்குப் போனபோது வாயைத் திறந்தார்.

“மகன், இந்தப் பக்கமும் சூடு தெரியுது.”

வீடு எழும்பி நின்றது. டினோஜா அழுதாள், போனைத் தூக்கி லண்டனுக்குக் காட்டினாள். மேரி ரோஸ் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். அவ்வளவு காலம் அந்தக் கன்னத்தில் லெம்பேட்டின் கை போய் வந்தது, ஒன்றும் தெரியவில்லை. ஒரு கோப்பை வந்தது, தெரிந்துவிட்டது. லெம்பேட்டுக்கு நெஞ்சுக்குள் அடுப்பு மூட்டியமாதிரி இருந்தது. மகன் என்ற சொல்லை மாமனார் இவ்வளவு மெதுவாகச் சொல்லக்கூடியவர் என்றே அவனுக்கு அன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை கரையில் வள்ளம் தள்ளும்போது கூட்டாளி அஸாம் கேட்டான். “மாமாவுக்குச் செத்த கன்னத்திலை உணர்ச்சி வந்திட்டுதாமே. உன்ரை சகலன் என்ன டொக்டரோ?”

“எனக்கொரு பொறாமையும் இல்லை” என்றான் லெம்பேட்.

“நான் அதைக் கேக்கேல்லையே” என்றான் அஸாம்.

அடுத்த சனிக்கிழமையும் பிரதீபன்தான். லெம்பேட் இம்முறை வலை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு இழுப்பாய்ப் பார்த்தான். பிரதீபனுக்குச் சுழி தெரியாது. மேலிருந்து கீழே இழுத்துவிட்டுத் துவாயால் துடைத்துவிட்டான். லெம்பேட்டின் மனம் துள்ளியது. வரட்டும் அந்த விரல்.

விரல் வந்தது. தாடைக்குக் கீழே போனது. சுழியில் நின்றது. இரண்டுதரம் தேய்த்தது.

“வலு துப்பரவு மகன்” என்றார் சந்தியோகு.

லெம்பேட் குசினிக்குள் போனான். “சுழியிலை தாடி அப்பிடியே நிக்குது. விரலாலை தடவிப்போட்டு, துப்பரவாம்.”

“விருந்தாளிதானே” என்றாள் மேரி ரோஸ். “சொக்லேற்றும் நல்லாயிருக்கெண்டவர்தானே. ஆட்டைக் கேளுங்கோ.”

“சொக்லேற் வேறை, முகம் வேறை.”

“உங்களுக்கு எரியுது.”

“எனக்கேன் எரியுது?” என்று அவன் கேட்ட கேள்வி பக்கத்து வளவுக்கும் கேட்டது.

திருநாள் முடிந்து அவர்கள் வெளிக்கிட்டார்கள். போகும்போது பிரதீபன் அந்தக் கோப்பையைக் கொண்டுவந்து லெம்பேட்டின் கையில் வைத்தான். “மாமாவுக்கு வைச்சிருங்கோ அண்ணை. நான் அங்கை வேறை வாங்குவன்.” தோற்றவன் கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டுப் போகிற வெற்றிக்காரனை எந்த ஊரில் கண்டது? லெம்பேட் அதை அலுமாரிக்கு மேலே, பழைய சூட்கேசுக்குப் பின்னால் தள்ளினான். பாவித்தால் உடைந்துபோகும் என்று மேரி ரோஸுக்குக் காரணம் சொன்னான்.

அந்தச் சனிக்கிழமை அவன் பழைய பேணியோடு வந்து நின்றபோது சந்தியோகு முகத்தைச் சுளித்தார். “அந்தக் கோப்பை எங்கையடா?”

“அது கிடக்கு.”

“கிடந்தால் எடன். இந்தத் தண்ணி விறைக்குது.”

லெம்பேட் வலது கன்னத்துக்குப் பூசி வழித்தான். இடது கன்னத்துக்கும் பூசினான். றேசரைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது மாமனார் வழக்கமான குரலில் சொன்னார்.

“டேய், உன்ரை கையென்ன மரமோ? அவன்ரை கையிலை ஒரு பதம் இருந்தது.”

லெம்பேட் றேசரைத் தண்ணீர்ச் சட்டிக்குள் எறிந்தான்.

“அப்ப லண்டனுக்குப் போய் எடுங்கோ. அவன் சுழியை அப்பிடியே விட்டிட்டுப் போனவன், அதுக்கு உங்களுக்கு வாய் வரேல்லை. நான் எடுத்தால் குத்துது, விறைக்குது, மரமாக்கிடக்குது. இனி உங்கடை முகத்திலை நான் கை வைக்கமாட்டன்.”

“டேய்” என்றார் சந்தியோகு. அவன் திரும்பிப் பார்க்காமல் படலையைத் தள்ளிக்கொண்டு கடற்கரைக்குப் போனான்.

மேரி ரோஸ் கடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது தகப்பன் கதிரையிலேயே இருந்தார். தனியாக எழும்ப அவரால் முடியாது. கதிரை மறைவில் கிடந்தாலும் காற்று மூலை சுற்றி வந்து இடது கன்னத்தில் பூசிய நுரையைக் காய வைத்திருந்தது. முகத்தில் ஒரு பாதி வழித்தும், மறுபாதி சுண்ணாம்பு அடித்ததுமாய்க் கிடந்தது. அவள் ஈரத் துவாயால் துடைத்தாள். வழிக்க அவளுக்குக் கை வரவில்லை, பயந்தாள்.

ஞாயிறு காலையில் ஓட்டோ வந்து நின்றது. சந்தியோகு ஏறவில்லை. “பாதித் தாடியோடை போய் நான் பூசையிலை நன்மை எடுக்கமாட்டன், பிள்ளை. ஓட்டோவை அனுப்பு” என்றார். லெம்பேட் பின் கட்டில் நின்று அதைக் கேட்டான். மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் அந்த வீட்டில் ஆம்பிளைகள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. ஏசுவார்கள், பிறகு சாப்பிடுவார்கள். நல்ல ஏச்சு ஒன்று வரும், அதோடு சரியாகிவிடும் என்று அவன் காத்திருந்தான்.

ஏச்சு வரவில்லை. மத்தியானம் அவன் கதிரையை நிழலுக்கு நகர்த்தியபோது, “சரி மகன்” என்றார். சோற்றுக் கோப்பையை நீட்டியபோது, “போதும் மகன்” என்றார். மகன் என்ற சொல் தனக்கும் கிடைத்துவிட்டதை லெம்பேட் கவனித்தான். கோபமாக இருக்கும், ஆறிவிடும் என்று வைத்துக்கொண்டான். உள்ளூர ஒரு சந்தோசமும் வந்தது. அதை மறைப்பானேன்?

ஆனாலும் சுடுநுரை இல்லாமல் இனிச் சரிவராது. அலுமாரிக்கு மேல் இருப்பதை இறக்கினால் சகலன் காலில் விழுந்த மாதிரி. எனவே அடுத்த கிழமை பஸ் ஏறி மன்னார் ரவுணுக்குப் போய், பஸாரில் முனவ்வர் நானாவின் கடைக்குள் நுழைந்தான். தேநீர்க் கேத்தல்களைத் தூக்கிப் பார்த்தான். வாய் சின்னன், பிறஸ் சுத்தாது. கறி சூடாக வைக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தான். பெட்டி பெரிது, ஒரு கையால் பிடிக்க முடியாது. பித்தளைச் செம்பொன்றைத் தட்டிப் பார்த்தான், கெதியாக ஆறும். பிரதீபன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கூப்பிடாமலே வந்து நின்றது அவனுக்குப் பிடிக்கவில்லை.

“என்ன தம்பி தேடுறீங்கள்?” என்று கேட்டார் முனவ்வர்.

“ரெண்டு சுவர் இருக்கவேணும் நானா. இடையிலை சுடுதண்ணி விடவேணும். மேலை வைக்கிற சாமான் ஆறக்கூடாது. வாய் அகலமாயிருக்கவேணும்.”

முனவ்வர் கொஞ்சம் யோசித்துவிட்டு மேல் தட்டிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தார். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற கிண்ணம். பக்கத்தில் ஒரு மூடி. அதைத் திருகிச் சுடுதண்ணீர் ஊற்றினால் சோறு ஆறாது. பிடிக்குப் பதிலாக இரண்டு முயல் காது. நடுவில் ஒரு முயல் சிரித்துக்கொண்டிருந்தது.

“எத்தினை மாசப் பிள்ளைக்கு?”

“எழுபத்தி நாலு வயசு” என்றான் லெம்பேட்.

முனவ்வர் அவனை ஒருதரம் பார்த்துவிட்டுக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்.

கிண்ணத்தின் உள்பக்கம் வழுவழுவென்று இருந்தது. நுரை எழும்ப வரி வேண்டுமே. லெம்பேட் மீன் வெட்டுகிற கத்தி நுனியால் முயலின் முகத்துக்குக் குறுக்கே தானே வரி போட்டான். மேரி ரோஸ் கோபத்தில் அவனோடு பேசாமல் இருந்தவள், முயலைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை கேத்தல் கொதித்தது. நல்ல தண்ணீர், புதுச் சவர்க்காரம், முயல் கிண்ணம். நுரை எழும்பியது, ஆவி பறந்தது. சந்தியோகு முயலையும் அதன் காதையும் பார்த்தார். இதற்காவது ஏதாவது சொல்லுவார் என்று லெம்பேட் காத்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வலது கன்னம் முடிந்தது. இடது கன்னத்தில் பிறஸை வைத்துக்கொண்டு கேட்டான்.

“சூடு தெரியுதோ மாமா?”

“ஓம் மகன். தெரியுது. நல்ல சுகம்.”

லெம்பேட் அன்றைக்கு நிலத்தில் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமனாரை ஓட்டோவில் ஏற்றி, கோயில் வாசலில் இறக்கி, கண்டவர்களுக்கெல்லாம் கன்னத்தைக் காட்டாத குறையாக நின்றான். அஸாமிடமும் போய்ச் சொன்னான். “லண்டன் கோப்பைக்கு மட்டுமில்லை, என்ரை கிண்ணத்துக்கும் தெரியுதாம்.”

“அப்ப இனிப் பொறாமை இல்லை” என்றான் அஸாம்.

“முதலும் இல்லை.”

அதற்கடுத்த சனிக்கிழமை காஸ் முடிந்துபோயிருந்தது. மேரி ரோஸ் வெளியில் விறகு மூட்டிச் சோறு வைத்திருந்தாள், இறக்க நேரமாகும். பூசைக்குப் பாட்டுப் பழகுகிற சத்தம் கோயில் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது, பொழுதும் சாய்ந்துகொண்டு போனது. ஒரு நாளைக்குப் பரவாயில்லை என்று லெம்பேட் கிண்ணத்துக்குள் பச்சைத் தண்ணீரையே விட்டு மூடியைத் திருகினான். விறைக்குது என்று மாமா கத்துவார். கத்தினால் காஸ் முடிஞ்சுது மாமா, ஒரு நாளைக்குப் பொறுங்கோ, கலியாணமே என்று சொல்லலாம். பதிலை யோசித்து வைத்தபோது அவனுக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சண்டை நடந்து எவ்வளவு நாள்.

வலது கன்னத்தில் பூசினான். அது உணர்ச்சியுள்ள கன்னம். சந்தியோகுவின் தோள் குளிரில் ஒருதரம் சிலிர்த்தது. லெம்பேட் பதிலோடு காத்து நின்றான். ஒரு சொல்லும் வரவில்லை.

“சூடு தெரியுதோ மாமா?” பழக்கத்தில் கேட்டுவிட்டான்.

“ஓம் மகன். நல்ல இளஞ்சூடு.”

லெம்பேட் விரலை நுரைக்குள் விட்டுப் பார்த்தான். பானைத் தண்ணீர்க் குளிர். விரலை எடுக்காமல் நின்றான். டினோஜாவின் சொக்லேற் நினைவுக்கு வந்தது. ஆடு மணந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அந்த இடது கன்னத்தில் யார் கைக்கும் ஒருநாளும் சூடு தெரிந்ததில்லை. வந்தவன் மனம் நோகக்கூடாதென்று அவனுக்குச் சொன்ன பொய்யையே மாமனார் இவனுக்கும் சொல்லியிருக்கிறார். சகலனுக்குக் கிடைத்ததெல்லாம் தனக்கும் வேண்டும் என்று எரிந்து எரிந்து நின்றான். ஒன்றும் மிச்சமில்லாமல் கிடைத்துவிட்டது.

றேசரைக் கொஞ்சம் அழுத்தி இழுத்தான். தோல் சிவந்தது. மாமனார் பல்லைக் கடித்தார். இடது கன்னத்துக்குப் பூசாமல் வேண்டுமென்றே சுணங்கினான். அவர் பொறுத்துக்கொண்டு இருந்தார். அவன் கை நிற்கிற ஒவ்வொருதரமும் அவருடைய கண் திறந்து, படலைப் பக்கம் போய், திரும்பி வந்தது. பாதி முகத்தோடு விட்டுவிட்டுப் போய்விடுவானோ என்று அந்தக் கண் பார்க்கிறது என்பது அப்போதுதான் லெம்பேட்டுக்கு விளங்கியது.

இடது கன்னத்தையும் வழித்தான். தாடைக்குக் கீழே வந்தான். சுழிக்குப் பக்கத்தில் றேசரைக் கொண்டுபோய், தொடாமல் திருப்பி எடுத்தான். முழு வட்டமாய் ஒரு வாரத்துத் தாடி அப்படியே நின்றது, குருடனுக்கும் தெரியும். துவாயால் துடைத்துவிட்டு, மாமனாரின் வாய்க்குப் பக்கத்தில் தன் முகம் இருக்கும்படியாகக் குனிந்தான்.

வலது கை எழும்பியது. கன்னத்தைத் தடவிக்கொண்டு தாடைக்குக் கீழே போனது. சுழியில் நின்றது. விரல் முன்னும் பின்னும் போய் வந்தது. மயிர் உரசுகிற சத்தம் லெம்பேட்டுக்கே கேட்டது. டேய் என்று ஒரு சொல் போதும். கண்ணென்ன பிடரியிலையோ என்றால் காலில் விழவும் தயாராக இருந்தான்.

“நல்லாயிருக்கு மகன்” என்றார் சந்தியோகு. “உங்களுக்குத்தான் என்னாலை கரைச்சல்.”

லெம்பேட் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். குசினிக்குள்ளிருந்து மேரி ரோஸ் கேட்டாள்.

“என்ன, இண்டைக்கும் சத்தத்தைக் காணேல்லை? அப்பாவுக்கு நல்லா எடுத்துவிட்டியளோ?”

“ஓம்” என்றான். “நல்லாயிருக்காம்.”